இரண்டு கைகளுக்கு நடுவே: ‘சாருலதா’ எப்படி முடிகிறது

கதவு திறக்கிறது. உள்ளே மனைவி, வெளியே கணவன். அவள் வங்காளத்தில் “எஷோ” என்று உள்ளே அழைக்கிறாள். அவன் அசையாமல் நிற்கிறான். அவள் கையை நீட்டுகிறாள். கொஞ்சம் தயங்கிவிட்டு அவனும் நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடப் போகிற நேரத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு எதுவும் அசைவதில்லை. அவள் முகம், அவன் முகம், விளக்கோடு நிற்கும் வேலைக்காரர், கடைசியில் தூரத்திலிருந்து தெரியும் நீளமான தாழ்வாரம் என்று ஒவ்வொன்றும் அசையாத படமாக வந்து போகிறது. இசை ஏறுகிறது. திரையில் வங்காள எழுத்தில் ஒரு சொல். படம் முடிந்தது.

சத்யஜித் ராய் 1964இல் எடுத்த ‘சாருலதா’வைப் பார்த்து முடித்ததும் அநேகமாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கை பிடித்தார்களா, இல்லையா? நானும் முதல் தடவை அதைத்தான் கேட்டேன். பிறகு பல தடவை பார்த்தாயிற்று. அந்தக் கேள்விக்கு ராய் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. பதில் படத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க இரண்டு இடங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒன்று, படத்தின் முதல் ஏழெட்டு நிமிடங்கள். இன்னொன்று, ரவீந்திரநாத் தாகூர் எழுதிய மூலக்கதையின் கடைசி வரி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1879–80, கல்கத்தா. பூபதி வசதியானவன், நல்லவன். வீட்டிலேயே அச்சகம் வைத்து ‘சென்டினல்’ என்ற ஆங்கில அரசியல் பத்திரிகை நடத்துகிறான். மனைவி சாருவுக்கு வாசிப்பில் ருசி உண்டு, குழந்தை இல்லை, பொழுது போகவில்லை. அவள் தனியாக இருக்கிறாள் என்பது பூபதிக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. அவளுடைய அண்ணன் உமாபதாவையும் அண்ணி மந்தாவையும் வரவழைத்து, அச்சகத்தின் கணக்கு வழக்கை உமாபதாவிடம் கொடுக்கிறான். கல்லூரி முடித்துவிட்டு, எழுத்தும் பாட்டுமாகப் புயல் நாளில் வந்து சேர்கிறான் பூபதியின் தம்பி அமல். சாருவை எழுதத் தூண்டச் சொல்லி பூபதியே அவனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறான். மீதியை ஊகிப்பது கடினமில்லை. உமாபதா பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். நம்பியவனே ஏமாற்றிவிட்டான் என்று பூபதி உடைந்து பேசுவதைக் கேட்ட அமலுக்கு, தானும் இன்னொரு வகையில் அதே துரோகத்தின் விளிம்பில் நிற்பது புரிகிறது. சொல்லிக்கொள்ளாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுகிறான்.

இங்கே தமிழ் வாசகருக்காக ஒரு சின்ன விஷயம். ‘தம்பி’ என்றேனே, கதைப்படி அமல் பூபதியின் அத்தை மகன். நம் முறைப்படி கணவனின் அத்தை மகன் மனைவிக்கு அண்ணன் தம்பி முறை, அதோடு பேச்சு முடிந்தது. வங்காளத்தில் அத்தை மகனும் சகோதரன்தான். அதனால் அமல் சாருவுக்குக் கொழுந்தன் ஆகிறான், ‘டாகுர்போ’ என்று அவனைக் கூப்பிடுகிறாள். அண்ணியும் கொழுந்தனும் கேலி பேசுவதும் விளையாடுவதும் அங்கே குடும்பம் அனுமதித்த உறவு. யாருக்கும் தெரியாமல், அவளுக்கேகூடத் தெரியாமல், அந்த அனுமதிக்குள்ளேயேதான் இது வளர்கிறது. பூபதி குருடனாக இருந்தான் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் கண்முன்னே நடந்ததில் ஊர் வழக்கத்துக்கு மாறானது எதுவும் இல்லை.

இப்போது படத்தின் தொடக்கம். ஒரு கை கைக்குட்டையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைப் பூத்தையலாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. பூபதியின் முதல் எழுத்து. பிறகு சாரு அறை அறையாக நடக்கிறாள். புத்தகம் எடுக்கிறாள், வைக்கிறாள். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். பேச்சே கிட்டத்தட்ட இல்லை. அப்போது பூபதி தாழ்வாரத்தில் வருகிறான். புத்தகத்தில் முகத்தைப் புதைத்தபடி, அங்கே நிற்கும் மனைவியைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறான். சாரு அதே கண்ணாடியை எடுத்து, தன் கணவனின் முதுகைப் பார்க்கிறாள். தெருவில் போகிற யாரோ ஒருவரைப் பார்த்தது போலவே. கண்ணாடியை இறக்கியதும் கேமரா சட்டென்று அவளை விட்டுப் பின்வாங்குகிறது.

இந்தத் தாழ்வாரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தின் கடைசிப் பிம்பமும் அதே தாழ்வாரம்தான். தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவன் பார்க்காமல் போனான். முடிவில் அதே தூரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பார்வைக்குத்தான்.

அந்தக் காலத்தின் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இன்றைய பார்வையாளருக்கு ‘ஏன் பிரியவில்லை’ என்ற கேள்வி இயல்பாக எழும். சில சாதிகளின் வழக்கத்தைத் தவிர்த்தால், 1880இல் ஓர் இந்து மனைவிக்கு விவாகரத்து என்ற ஒன்றே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1949இலும், நாடு முழுக்க 1955இன் இந்துத் திருமணச் சட்டத்திலும்தான் அந்தக் கதவு திறந்தது. பம்பாயில் ருக்மாபாய் என்ற இளம்பெண் சிறுவயதில் தன்னை மணந்தவனோடு வாழ மறுத்தபோது, 1887இல் நீதிமன்றம் அவருக்குச் சொன்னது இதுதான்: கணவன் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். சாரு அப்படிப்பட்ட வழக்குக்குப் போகிறவள் இல்லை, பூபதியும் வழக்குப் போடுகிறவன் இல்லை. ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியேற வழி கிடையாது என்பது இருவருக்கும் சொல்லாமலே தெரியும். ஆகவே முடிவில் கேள்வி ‘சேர்வார்களா, பிரிவார்களா’ என்பதாக இருக்க முடியாது. ஒரே கூரையின் கீழ்தான் இருக்கப் போகிறார்கள். எப்படி இருக்கப் போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

சரி, தாகூருக்கு வருவோம். ‘நஷ்டநீட்’ என்ற நெடுங்கதை 1901இல் வெளிவந்தது. அதில் அமல் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்து போய்விடுகிறான். சாரு தன் துக்கத்துக்கு மனதுக்குள் ஒரு ரகசியக் கோயில் கட்டிக்கொண்டு, வெளியே வீட்டு வேலைகளைக் குறையில்லாமல் செய்கிறாள். பூபதி அவளை நெருங்கப் பாடுபடுகிறான், தானும் வங்காளத்தில் எழுதிப் பார்க்கிறான், ஒன்றும் ஒட்டவில்லை. அமலிடமிருந்து தகவல் இல்லை என்று தவித்த சாரு, நகையை அடகு வைத்து, பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டி ஒரு தந்தி கொடுக்கிறாள். ‘நலமாக இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. அது விழுவது பூபதியின் கையில். அங்கேயும் உடனே எதுவும் வெடிப்பதில்லை. துண்டு துண்டாக, நாள் கணக்கில் அவனுக்குப் புரிகிறது.

மைசூரிலிருந்து ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக வரும்படி அவனுக்கு அழைப்பு வருகிறது. கிளம்புகிறேன் என்கிறான். என்னையும் கூட்டிக்கொண்டு போ, இங்கே விட்டுவிட்டுப் போகாதே என்று சாரு அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பூபதி யோசிக்கிறான். இன்னொருவனையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியைத் தினம் பொழுது சாய வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இடிந்துபோன வீட்டின் செங்கல்லையும் கட்டையையும் இங்கேயே போட்டுவிட்டுப் போகக்கூட முடியாமல் தோளில் சுமந்து திரிய வேண்டுமா? ‘என்னால் முடியாது’ என்று சொல்லிவிடுகிறான். சாருவின் முகம் காகிதம் போல வெளுத்துப் போகிறது, கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அதைப் பார்த்ததுமே அவன் மனம் மாறி, ‘வா சாரு, என்னோடவே வா’ என்கிறான். அவள் சொல்கிறாள்: ‘நா, தாக்.’ வேண்டாம், இருக்கட்டும். கதை அங்கே முடிகிறது.

எவ்வளவு சின்னச் சொல்! ‘இருக்கட்டும்’ என்பதை நாம் தினம் ஐம்பது தடவை சொல்கிறோம், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் சொல்வது போல. அந்த வீட்டு வார்த்தையை வைத்து ஒரு திருமணத்தை முடிக்கிறார் தாகூர். அவள் பதில் சொன்னது அவன் கடைசியாகச் சொன்ன வாக்கியத்துக்கு இல்லை. அதற்கு முன்னால் அவன் மனதில் ஓடியதையெல்லாம் முகத்தில் படித்துவிட்டாள், அதற்குத்தான் ‘இருக்கட்டும்’. வாசகர்களாகிய நமக்கும் அவன் நினைத்தது தெரியும், ஏனென்றால் தாகூர் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறார்.

சினிமாவுக்கு இந்த வசதி இல்லை. செங்கல்லைச் சுமக்க வேண்டுமா என்று பூபதி யோசிப்பதைக் கேமரா காட்டாது. பின்னணிக் குரல் வைத்திருந்தால் படமே கெட்டிருக்கும். மூலத்தை ராய் மாற்றிவிட்டார் என்று அசோக் ருத்ரா என்ற அறிஞர் அந்நாளில் கடுமையாக எழுதினார். ராய் அதற்கு நீளமாகப் பதில் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொன்னார். நான் ராயின் பக்கம். தாகூரின் முடிவை அப்படியே படமாக்கியிருந்தால், ஒரு கணவன் முடியாது என்று சொல்லிவிட்டு மனம் மாறுகிறான், மனைவி ரோஷத்தில் மறுக்கிறாள் என்ற அளவில் அது சுருங்கிப் போயிருக்கும்.

அப்புறம், ராய் வெறுமனே கடைசிக் காட்சியை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ஏற்றபடி முன்னால் ஓர் இடத்தை உண்டாக்கினார். பத்திரிகை மூழ்கிப்போன பிறகு பூபதியும் சாருவும் கடற்கரைக்குப் போகிறார்கள். கலகலப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். புதிதாக ஒரு பத்திரிகை தொடங்கலாம், ஆங்கிலத்தில் அரசியலை நீ எழுது, வங்காளப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற யோசனை சாருவிடமிருந்து வருகிறது. அவளுக்கு எழுத வரும் என்பது அதற்குள் அச்சிலேயே வந்து நிரூபணமாகிவிட்டது. பூபதி உற்சாகமாகிவிடுகிறான். பிரிட்டனில் தாராளவாதக் கட்சி 1880 தேர்தலில் ஜெயித்ததற்கு வீட்டில் விருந்து வைத்துக் கொண்டாடிய ஆள் அவன். லண்டன் வரை போன அவன் கவனம் இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் வந்து சேர்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தில் அவர்கள் கணவனும் மனைவியுமாக இருந்த காட்சி இந்த ஒன்றுதான்.

வீடு திரும்புகிறார்கள். அமலின் கடிதம் காத்திருக்கிறது. அதற்கு மேல் சாருவால் அடக்க முடியவில்லை. வெளியே காற்று, ஜன்னல் அடித்துக்கொள்கிறது, அவள் உடைந்து அமலை நினைத்து அழுகிறாள். பூபதி அதைப் பார்த்துவிடுகிறான். கதையில் தந்தியும் நாட்களும் தேவைப்பட்ட இடத்தை ராய் ஒரு நிமிடத்தில் முடிக்கிறார். ஒன்றும் சொல்லாமல் வெளியேறி, குதிரை வண்டியில் ஏறி, போக்கிடம் இல்லாமல் சுற்றுகிறான். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறான். அதில் அவள் தைத்த எழுத்து. முதல் காட்சியில் சாரு பொழுது போகாமல் குத்திய ஒவ்வொரு ஊசியும் அவனுக்கு இப்போதுதான் தைக்கிறது. இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பூபதியாக நடித்த சைலேன் முகர்ஜி இந்தக் காட்சியில் பெரிதாக எதுவும் செய்வதில்லை, அதனால்தான் அது தாங்க முடியாமல் இருக்கிறது.

பிறகு திரும்பி வருகிறான். அவனுக்குக் கோபம் இருந்தாலும் அது அவள்மேல் மட்டும் இல்லை என்பது அந்த முகத்தில் தெரிகிறது. கதவைத் திறந்த சாரு சொல்லும் ‘எஷோ’வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் அதை ‘வா’ என்பதா, ‘வாங்க’ என்பதா? ‘வாங்க’ என்றால் நம் வீடுகளில் கணவனை அழைக்கும் மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ‘வா’ என்றால் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத நெருக்கம். வங்காளத்தில் ‘எஷோ’ இரண்டுக்கும் நடுவில் உள்ள சொல், நெருங்கியவர்கள் சமமாகப் பேசிக்கொள்வது. சாரு கெஞ்சவில்லை, அழைக்கிறாள். தாகூரின் சாரு கடைசியாக மறுத்தாள், ராயின் சாரு கடைசியாகக் கை நீட்டுகிறாள். அந்தக் கையை நீட்டும் மாதவி முகர்ஜியின் கண்களில் பயமும் இருக்கிறது, ஒரு நேர்மையும் இருக்கிறது. எல்லாம் தெரிந்துவிட்டது, இனி ஒளிக்க எதுவும் இல்லை என்ற நேர்மை.

அப்படியென்றால் ராய் தாகூரை விட இளகிய மனதுக்காரரா? அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. சாருவின் வாயிலிருந்து எடுத்த ‘இருக்கட்டும்’ என்ற சொல்லை ராய் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதைப் படத்திடமே கொடுத்துவிட்டார். மனிதர்கள் இருவரும் சேர விரும்புகிறார்கள். இருக்கட்டும் என்று சொல்லி நிற்பது பிம்பம்.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் என்று ஓடுவதுதான் படச்சுருள். உறைய வைக்க வேண்டுமென்றால், எடுத்த சட்டகங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆய்வகத்தில் அதையே திரும்பத் திரும்ப அச்சிட வேண்டும். படச்சுருள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, காலம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சட்டகத்திலும் அதே கை, அதே இடைவெளி. திருமணத்தில் சில நாட்கள் இப்படித்தான் ஓடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 1959இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தை ஒரு சிறுவனின் உறைந்த முகத்தோடு முடித்திருந்தார், அதிலிருந்து இந்த உத்தி உலகமெங்கும் பேசப்பட்டது. அங்கே உறைவது ஒரு பிம்பம், ஒரு முகம். ராய் ஒன்றோடு நிறுத்தாமல் அடுத்தடுத்து அடுக்குகிறார். பாதி வெளிச்சத்தில் அவள், பாதி வெளிச்சத்தில் அவன். இருவரையும் தனித்தனிச் சட்டகத்தில் வைத்துவிட்டு, கடைசியில்தான் ஒன்றாகக் காட்டுகிறார். அப்போது கேமரா வெகுதூரம் போய்விட்டது. கைகள் தொட்டனவா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. தொடவில்லை.

நடுவில் வரும் அந்த வேலைக்காரரை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு தம்பதியின் மிக அந்தரங்கமான நிமிடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் விளக்கோடு நிற்கிறார். அந்தக் காலத்துப் பெரிய வீட்டில் அது இயல்பு. அவருக்கு என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாது, அவர் கையில் விளக்கு இருக்கிறது, வீடு நடந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலை அவர்தான் தேநீர் கொண்டுவந்து வைப்பார். ராய் அந்த முகத்துக்கும் ஓர் உறைந்த சட்டகம் ஒதுக்கியிருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

கடைசியாகத் திரையில் வரும் அந்தச் சொல். படத்தின் பெயர் ‘சாருலதா’, முடிவில் எழுதிக் காட்டுவதோ கதையின் பெயர்: நஷ்டநீட். வங்காள எழுத்து தெரியாததால் எனக்கு வெகுநாள் அது ஒரு கோலம் போலத்தான் இருந்தது. சப்டைட்டிலில் ‘உடைந்த கூடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும், அதைப் படித்துவிட்டு எழுந்துவிடுவோம். கூட வேலை பார்த்த ஒரு வங்காளத் தோழிதான் விளக்கினார். நம்முடைய ‘நஷ்டம்’தான் அது, ஆனால் அங்கே பண நஷ்டத்தைவிடக் கெட்டுப்போவதற்குத்தான் அதிகம் சொல்வார்களாம். பால் திரிந்துவிட்டால் ‘துத் நஷ்டோ ஹொயே கேச்சே’ என்பார்களாம். அன்றிலிருந்து அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடைந்த மரக்கிளையும் சிதறிய குச்சிகளும் நினைவுக்கு வருவதில்லை. குச்சி ஒன்றுகூட இடம் மாறாத ஒரு கூடு நினைவுக்கு வருகிறது.

கை பிடித்தார்களா என்றால், பிடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு தூரம் நீட்டிய கையை இருவரில் யாரும் பின்னால் இழுக்கிறவர்கள் இல்லை. உள்ளே போயிருப்பார்கள், வேலைக்காரர் விளக்கை வைத்துவிட்டுப் போயிருப்பார், புதிய பத்திரிகைகூடத் தொடங்கியிருக்கலாம். பூபதி ஆங்கிலத்திலும் சாரு வங்காளத்திலும் ஒரே மேசையில் எழுதியிருக்கலாம். அவளும் ஒரு கைக்குட்டையை எடுத்து, ‘பி’க்குப் பக்கத்தில் இன்னொரு பூவைத் தைத்திருக்கலாம். இந்த முறை அவன் அதைப் பார்த்திருப்பான்.